லெட்ரோசோல் தொடங்கி நாலு மாதம், அம்மாவின் விரல் மடங்கவில்லை: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பதற்கு வசதியாக இருக்கும். ஊர் முக்கூடல் பக்கம். அம்மாவுக்கு 61 வயது, மாதவிடாய் நின்று 12 வருடம் ஆகிறது. இடது மார்பில் புற்றுக்கட்டி. அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, லெட்ரோசோல் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை 2.5 மி.கி. தினம் ஒன்று, ஐந்து வருடத்துக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாலு மாதம் ஆகிறது. காலையில் எழுந்தால் விரல் மடங்கவில்லை, முட்டி பிடித்துக்கொள்கிறது. அம்மா பீடி சுற்றுபவர். "கை போச்சுன்னா நான் என்னத்த செய்ய" என்று மாத்திரையை நிறுத்தப் போகிறார். பக்கத்து வீட்டு அத்தை, "தூரம் நின்ன பொம்பளைக்கு என்ன ஹார்மோனு?" என்று ஏற்றிவிட்டிருக்கிறார். மருந்துக் கடைப் பையன் வேறு, "இது பிள்ளை உண்டாகக் கொடுக்குற மாத்திரைல்லா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். கடைசி வரியில், உளுந்தங்களி கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. மருந்தாளுநராக 28 வருடம் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் நின்றவள், இப்போது ஓய்வுபெற்றுப் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். என் மதினி இதே மாத்திரையில் தொடங்கி ஐந்து வருடம் ஓட்டியவள். அந்த இரண்டு பழக்கத்திலும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உடனடிப் பதில் இது. அம்மா தானாக நிறுத்த வேண்டாம். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு போடவும் வேண்டாம். மூன்று மாதம் கழித்து வரும் அடுத்த செக்கப் வரைக்கும் காத்திராமல், இந்த வாரமே போய் வலியைச் சொல்லுங்கள். இந்த வலிக்குச் செய்வதற்குப் பல காரியங்கள் இருக்கின்றன. ஒன்றுகூடச் செய்துபார்க்காமல் மாத்திரையை விடுவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

அத்தை கேட்ட கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நல்ல கேள்வி. தூரம் நின்ற பிறகு ஹார்மோன் எங்கிருந்து வருகிறது? நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம். பாபநாசம் அணையை அடைத்துவிட்டால் கால்வாயில் தண்ணீர் நிற்கும். அதற்காகக் கிணறு வற்றிவிடுகிறதா? ஊற்று இருந்துகொண்டேதான் இருக்கும். சினைப்பைதான் அந்த அணை. மாதவிடாய் நின்றதும் அது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். ஆனால் சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, ஆண்ட்ரோஜன் என்ற வேறு வகை ஹார்மோனைத் தொடர்ந்து விட்டுக்கொண்டே இருக்கிறது. உடம்பிலுள்ள கொழுப்பு, தசை, தோல், மார்புத் திசு இவற்றில் எல்லாம் அரோமட்டேஸ் என்று ஒரு நொதி உண்டு. அது அந்த ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். அளவு கொஞ்சம்தான். ஆனால் ஈஸ்ட்ரோஜனை உண்டு வளரும் புற்றுச் செல் ஒன்றிரண்டு எங்காவது பதுங்கியிருந்தால், அதற்கு அந்தக் கொஞ்சம் போதும்.

லெட்ரோசோல் அந்த ஊற்றை அடைக்கிறது. அனஸ்ட்ரோசோல் (1 மி.கி.), எக்ஸிமெஸ்டேன் (25 மி.கி.) இரண்டும் இதே குடும்பம், இதே வேலை. டாமோக்சிஃபென் வேறு வழி. அது ஊற்றைத் தொடாது, வயலுக்குப் போகும் மடையை அடைக்கும். அதாவது ஹார்மோன் ரத்தத்தில் ஓடினாலும், மார்பிலுள்ள செல் அதைப் பிடித்துக்கொள்ள முடியாதபடி வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, உங்கள் அம்மாவுக்கு இல்லை, படிக்கிற மற்றவர்களுக்கு. அணை திறந்திருக்கும்போது ஊற்றை மட்டும் அடைத்துப் பயன் இல்லை. பயன் இல்லாததோடு, ஈஸ்ட்ரோஜன் குறைகிறதே என்று மூளை சினைப்பையை விரட்டி இன்னும் அதிகமாகச் சுரக்க வைக்கவும் கூடும். அதனால்தான் இந்தக் குடும்ப மாத்திரைகளைத் தனியாகக் கொடுப்பது மாதவிடாய் உண்மையிலேயே நின்றவர்களுக்கு மட்டும். நம் பக்கத்தில் நாற்பதைத் தொடும் முன்பே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்கள் "எனக்கு எல்லாம் நின்னுபோச்சு" என்றுதான் சொல்வார்கள். கர்ப்பப்பை போயிருக்கும், சினைப்பை உள்ளேயே இருக்கும், வேலையும் செய்துகொண்டிருக்கும். 45 வயதில் கீமோவால் மாதவிடாய் நின்றவர்களும் அப்படித்தான், சில மாதம் கழித்துத் திரும்ப வரலாம். இப்படிப்பட்டவர்கள் பழைய ஆபரேஷன் சீட்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்த்துத்தான் எந்த மாத்திரை என்று முடிவெடுப்பார்கள். மாத்திரை போடும்போது மறுபடி ரத்தப்போக்கு வந்தால், அன்றைக்கே போய்ச் சொல்ல வேண்டும்.

மருந்துக் கடைப் பையன் சொன்னதில் பாதி உண்மை. மூளை சினைப்பையை விரட்டும் என்றேனே, அந்தக் குணத்தை வைத்துத்தான் குழந்தையில்லாத இளம்பெண்களுக்கு மாதத்தில் ஐந்து நாள் மட்டும் இதே லெட்ரோசோலைக் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் 2011-ல் அந்தப் பயன்பாட்டைத் தடை செய்தார்கள், 2017-ல் மறுபடி அனுமதித்தார்கள். 61 வயதில் விரட்டுவதற்கு அங்கே சினைமுட்டை இல்லை, அம்மா பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பையனை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு பெண் எந்த மாத்திரையை எதற்குப் போடுகிறாள் என்று தெரியாமல் கடை மேசையில் வைத்து இப்படி ஒரு வார்த்தை விடுவது, அந்தப் பெண் அடுத்த மாதம் சீட்டோடு வராமல் போவதற்குப் போதும்.

அடுத்து, இந்த மாத்திரையால் என்ன லாபம் என்பது. இது தெரியாமல் யாராலும் ஐந்து வருடம் வலியோடு மாத்திரை போட முடியாது. அறுவை சிகிச்சை கட்டியை எடுத்துவிட்டது, ரேடியேஷன் அந்த இடத்தைச் சுட்டுவிட்டது. மாத்திரை எதைச் செய்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதே இல்லை. வலி மட்டும்தான் தெரிகிறது.

ஹார்மோனால் வளரும் புற்றுக்கு டாமோக்சிஃபெனை ஐந்து வருடம் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட பெரிய தொகுப்பாய்வு 2011-ல் வந்தது. முதல் ஐந்து வருடத்தில் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மார்பகப் புற்றால் சாவது முதல் 15 வருடக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஐந்து வருடம் போட்ட மாத்திரை, நிறுத்திய பிறகும் பத்து வருடம் காவல் இருந்திருக்கிறது. அப்புறம் 2015-ல், மாதவிடாய் நின்ற கிட்டத்தட்ட 32,000 பெண்களை வைத்து, லெட்ரோசோல் குடும்பத்தை டாமோக்சிஃபெனோடு ஒப்பிட்டார்கள். பத்து வருடத்தில் மார்பகப் புற்றால் இறந்தவர்கள் டாமோக்சிஃபென் பக்கம் நூற்றுக்கு 14 பேர், லெட்ரோசோல் குடும்பத்தின் பக்கம் 12 பேர். வித்தியாசம் இரண்டு பேர்தான். இந்த இரண்டு பேர் கணக்கு பின்னால் ஒரு இடத்தில் தேவைப்படும், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் ஒரே லாபம் இல்லை. கட்டி சிறியது, அக்குளில் நெறிக்கட்டிக்குப் பரவவில்லை என்றால் லாபம் சின்னது. நெறிக்கட்டி வரை போயிருந்தால் லாபம் பெரிது. அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இ.ஆர்., பி.ஆர். என்று இரண்டு வரி இருக்கும். ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரான் என்ற இன்னொரு ஹார்மோனையும் பிடித்துக்கொள்ளும் வாசல் அந்தப் புற்றுச் செல்லில் இருக்கிறதா என்பதுதான் அது. இ.ஆர். பாசிட்டிவ் என்று இருந்தால்தான் இந்த மாத்திரைக்கே அர்த்தம். உலக அளவில் நூறு பேரில் எழுபது பேருக்கு மேல் அப்படித்தான் இருக்கும், வயது கூடக் கூட இன்னும் அதிகம். அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய், "எங்க அம்மாவுக்கு இந்த மாத்திரையால எவ்வளவு லாபம், எண்ணுல சொல்லுங்க" என்று கேளுங்கள். கட்டியின் அளவு, நெறிக்கட்டி எண்ணிக்கை, வயது எல்லாம் போட்டுக் கணக்குப் பார்க்கும் வசதி மருத்துவர்களிடம் இருக்கிறது. கேட்டால் சொல்வார்கள். நம் ஆட்கள் கேட்பதில்லை.

இந்த வகைப் புற்றுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு: பொறுமை. ஐந்து வருடம் சும்மா இருந்துவிட்டுப் பதினைந்தாவது வருடம் எலும்பில் தலைகாட்டும். "நாலு மாசமா நல்லாத்தானே இருக்கேன்" என்று அம்மா சொல்வது மாத்திரை தேவையில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

சரி, வலிக்கு வருவோம். இதுதான் அம்மாவின் கேள்வி, மற்றதெல்லாம் நம் கேள்வி.

இந்த மாத்திரை போடுபவர்களில் பாதிப் பேர் வரைக்கும் மூட்டுவலி சொல்கிறார்கள். அதுவும் முதல் இரண்டு மூன்று மாதத்தில் தொடங்கி ஆறு மாத வாக்கில் உச்சத்துக்குப் போவதுதான் வழக்கம். அம்மா இப்போது ஏறுகிற மேட்டில் நிற்கிறார். பலருக்கு அதற்குப் பிறகு தணிகிறது, சிலருக்குத் தணிவதில்லை. வலிக்கிற விதத்தையும் கவனியுங்கள். இரண்டு கையும் ஒன்றுபோல, இரண்டு முட்டியும் ஒன்றுபோல, காலையில் விறைப்பு, நடமாட நடமாட இளகுவது: இது மாத்திரை வலி. ஒரே இடத்தில், இடுப்பெலும்போ முதுகுத்தண்டோ விலாவோ, ராத்திரி படுத்தாலும் விடாமல், வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனால் அது வேறு. அதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது, படம் எடுத்துப் பார்க்க வேண்டும். முதுகுவலியோடு கால் மரத்துப்போனால் அன்றைக்கே.

பீடி சுற்றுபவருக்கு இந்த வலி எப்படி இருக்கும் என்று, மேசையில் உட்கார்ந்து எழுதுபவர்களுக்கு விளங்காது. இலை நறுக்க, தூள் வைத்துச் சுருட்ட, நூல் கட்ட, வாய் மடக்க, எல்லாமே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். மருத்துவர் "லேசான மூட்டுவலி" என்று சீட்டில் எழுதுவது, ஆயிரம் பீடிக் கணக்கு ஐந்நூறாக இறங்குவது. ஆகவே "மூட்டு வலிக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஒரு நாளைக்கு இத்தனை சுத்திக்கிட்டு இருந்தாங்க, இப்ப இத்தனைதான் முடியுது, காலையில ஒரு மணி நேரம் கை மடங்க மாட்டேங்கு" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் மருத்துவருக்கும் அளவு தெரியும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்துப்போகிறதா, ஏதாவது ஒரு விரல் மடங்கி "டக்" என்று மாட்டிக்கொள்கிறதா என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள். மணிக்கட்டு நரம்பு நெரிபடுவதும் விரல் மாட்டிக்கொள்வதும் இந்த மாத்திரையோடு வருபவை. அவற்றுக்குத் தனி வைத்தியம் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது: காலையில் எழுந்ததும் பீடித் தட்டை மடியில் எடுக்காமல், பொறுக்கிற சூட்டு வெந்நீரில் பத்து நிமிடம் கையை வைத்து, விரலை மடக்கி விரிக்கட்டும். பீடி வேலையை ஒன்பது பத்து மணிக்குத் தள்ளட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும். வலி கடுமையான நாளில் பாராசிட்டமால், அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. மாத்திரையைக் காலையில் போடுவதை ராத்திரிக்கு மாற்றிப் பார்க்கலாம், சிலருக்கு அது உதவுகிறது. ஒரே நேரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். லெட்ரோசோலுக்குச் சாப்பாட்டுக்கு முன் பின் என்ற கணக்கு இல்லை (எக்ஸிமெஸ்டேன் என்றால் சாப்பிட்ட பிறகு). ஒரு நாள் மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த மாத்திரைக்கு நேரம் நெருங்கிவிட்டதென்றால் விட்டுவிடலாம். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

நடை. இதைச் சொன்னால் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள், முட்டி வலிக்கிறவளை நடக்கச் சொல்கிறாளே என்று. ஆனால் இந்த வலிக்கு ஆய்வில் நின்று காட்டியவற்றில் இது முக்கியமானது. அமெரிக்காவில் இதே மாத்திரையால் மூட்டுவலி வந்த பெண்களை ஒரு வருடம், வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடையும் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் செய்யவைத்தார்கள். 2015-ல் வெளியான முடிவில், அவர்கள் வலி நூற்றுக்கு முப்பது அளவு குறைந்திருந்தது. அம்மாவுக்கு ஜிம் வேண்டாம். விடிகாலை ஆற்றங்கரை வரைக்கும் போய் வருவது அரை மணி. நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுவது தசைப் பயிற்சி. முதல் இரண்டு வாரம் வலி கூடின மாதிரி இருக்கும், அதைத் தாண்ட வேண்டும்.

செய்யக் கூடாததையும் சொல்கிறேன். கடையில் "மூட்டுவலி செட்டு" என்று கலர் கலராக நாலு மாத்திரையை ஒரு பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பார்கள். ஒரே நாளில் வலி பறந்துவிடும், ஏனென்றால் அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அது எலும்பை அரிக்கும், சர்க்கரையை ஏற்றும். லெட்ரோசோலே எலும்பை மெலிய வைப்பது, அதன் மேல் இது வேறு. பேர் எழுதாத சூரணங்களிலும் எனக்கு இதே பயம். முள்சீத்தா இலைக் கஷாயம் புற்றைத் தின்றுவிடும் என்று போனில் வரும் செய்தியை நம்பி மாத்திரையை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பத்துச் செடிகளில் நரம்பைக் கெடுக்கும் பொருள் இருக்கிறது, தினம் குடிக்கிற சாமான் இல்லை அது. அக்குபஞ்சர் வேறு கதை. இந்த மாத்திரை வலிக்கே அமெரிக்காவில் 226 பெண்களிடம் சோதித்து, ஓரளவு குறைகிறது என்று 2018-ல் எழுதினார்கள். ஊசி குத்திக்கொள்ளட்டும், தப்பில்லை. ஆனால் குத்துகிறவர் "இங்கிலீஷ் மருந்தையெல்லாம் விட்டுடுங்க" என்று தொடங்கினால் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

இனி மருத்துவர் செய்யக்கூடியது. முதலில் வைட்டமின் டி, தைராய்டு இரண்டும் பார்ப்பார். இரண்டிலும் குறை இருந்தால் அதுவே வலிக்கு ஒரு காரணமாக இருக்கலாம். பிறகு, மாத்திரையைச் சில வாரம் நிறுத்திவைத்து, வலி இறங்கியதும் அதே குடும்பத்தில் இன்னொன்றைத் தொடங்குவார். ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மற்றொன்று ஒத்துக்கொள்வது சகஜம். ஏன் என்று கேட்டால் வேதியியலில் சுத்தமான பதில் இல்லை, அனுபவத்தில் இருக்கிறது. சில வார இடைவெளி ஆபத்தா என்று பயப்படுவீர்கள். முதல் ஐந்து வருடத்தை ஏற்கெனவே முடித்தவர்களிடம் நடந்த ஒரு பெரிய சோதனையில், வருடத்தில் மூன்று மாதம் விட்டு விட்டு லெட்ரோசோல் கொடுத்தபோதும் நோய் திரும்புவது கூடவில்லை. அம்மா முதல் வருடத்தில் இருக்கிறார், அதனால் இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் மருத்துவர் சொல்லி, திரும்பத் தொடங்கும் தேதியும் குறித்து, சில வாரம் நிறுத்துவதற்கும், வீட்டில் சத்தமில்லாமல் நிறுத்துவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

அதுவும் சரிப்படவில்லை என்றால், டாமோக்சிஃபென். இங்கேதான் அந்த இரண்டு பேர் கணக்கு. நூற்றுக்கு 12, 14 என்ற வித்தியாசத்தை விட்டுக்கொடுத்து, கை வேலை செய்கிற வாழ்க்கையை வாங்கிக்கொள்வது எனக்கு நியாயமான பேரமாகவே படுகிறது. லெட்ரோசோலிலிருந்து ஒன்றுமில்லாமைக்குப் போவது நியாயமான பேரம் இல்லை. டாமோக்சிஃபெனுக்கும் குற்றம் உண்டு. காலில் ரத்தம் உறையலாம். கர்ப்பப்பைப் புற்று, பத்து வருடத்தில் நூறு பேரில் ஒருவருக்குச் சற்று மேல் வருகிறது. காலில் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், ரத்தப்போக்கு, இந்த மூன்றுக்கும் உடனே ஓட வேண்டும். எலும்புக்கு மட்டும் அது நல்லது செய்யும்.

எலும்பு என்றதும், ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் "எலும்பு தேய்மானம்" என்றால் முட்டித் தேய்வு. லெட்ரோசோல் செய்வது எலும்பு மெலிவு. அது வலிக்காது. வழுக்கி விழும்போதுதான் தெரியும், இடுப்பு ஒடிந்த பிறகு. முன் சொன்ன 2015 தொகுப்பில், ஐந்து வருடத்தில் எலும்பு முறிந்தவர்கள் லெட்ரோசோல் குடும்பத்தின் பக்கம் நூற்றுக்கு எட்டு, டாமோக்சிஃபென் பக்கம் ஐந்து ஆறு. ஆகவே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று இப்போதே எடுத்து, ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். மருந்துக் கடை வாசலில் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும் இலவச முகாம் இதற்குப் போதாது. டெக்ஸாவில் வரும் டி ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்பு மெலிவு. லெட்ரோசோல் போடுபவர்களுக்கு மைனஸ் 2-லேயே மருந்து தொடங்குவதுண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோலெட்ரோனிக் ஆசிட் டிரிப் போடச் சொன்னால் யோசிக்க வேண்டாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு அது எலும்பைக் காப்பதோடு, எலும்பில் புற்று திரும்புவதையும் குறைக்கிறது. முதல் தடவை ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும். ஒரே ஒரு விஷயம்: ஆடுகிற பல், சொத்தைப் பல் இருந்தால் டிரிப்புக்கு முன்னாலேயே பிடுங்கிவிட வேண்டும். டிரிப் போட்ட பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகிற ஆபத்து கொஞ்சம் உண்டு. வெற்றிலை போடுகிற அம்மாமார் பல்லை எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

கால்சியம் ஒரு நாளைக்குச் சாப்பாடும் மாத்திரையும் சேர்த்து 1,200 மி.கி. வாக்கில் போதும். நூறு கிராம் கேழ்வரகில் 350 அளவுக்கு இருக்கிறது. மோர், எள், நெத்திலிக் கருவாடு எல்லாம் கணக்கில் சேரும். தைராய்டு மாத்திரை போடுபவராக இருந்தால் அதற்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

திடீரென்று உடம்பு கொதித்து வேர்ப்பதை அம்மா சொல்லவில்லை என்றால், சித்திரை வெயில் என்று நினைத்திருப்பார். ராத்திரி மூன்று மணிக்கு வேர்த்து எழுந்தால் அது வெயில் இல்லை. அதற்கும் மாத்திரை இருக்கிறது. இன்னொன்று, மகளிடம்கூடச் சொல்லமாட்டார்: பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், சிறுநீர்க் கடுப்பு. நீங்களே கேளுங்கள். ஹார்மோன் கலக்காத ஈரப்பத ஜெல் போதும் பெரும்பாலும். ஈஸ்ட்ரோஜன் க்ரீமை யார் கொடுத்தாலும், புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தடவ வேண்டாம். கொலஸ்ட்ராலும் கொஞ்சம் ஏறலாம், வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

என் மதினி கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறாள். இரண்டாவது வருடம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பீரோவை நகர்த்தும்போது, சேலை மடிப்புக்குள் பிரிக்காத லெட்ரோசோல் அட்டை ஒன்பது கிடைத்தது. மாதாமாதம் வாங்கியிருக்கிறாள், போடவில்லை. கேட்டதற்கு, "டாக்டர் அவ்வளவு பேரைப் பாக்குறாரு, அவர்ட்ட போயி கை வலிக்கி, காலு வலிக்கின்னு சொல்ல முடியுமா மதினி" என்றாள். மருந்துக்காரி வீட்டிலேயே இப்படி. மருத்துவரிடம் போய்ச் சொன்னபோது அவர் திட்டவில்லை. ஒரு மாதம் நிறுத்திவிட்டு அனஸ்ட்ரோசோல் மாற்றிக் கொடுத்தார். வலி போகவில்லை, பாதியானது. அந்தப் பாதியோடு ஐந்து வருடத்தை முடித்தாள். ஆகவே அம்மா "நிறுத்தப் போறேன்" என்று வாய்விட்டுச் சொல்கிறாரே, அதை நான் நல்ல சகுனமாகத்தான் பார்க்கிறேன்.

காசு: லெட்ரோசோலும் டாமோக்சிஃபெனும் நம் நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை, விலைக்கட்டுப்பாடு உண்டு. அரசு மருத்துவமனைப் புற்றுநோய்ப் பிரிவில் கேளுங்கள். உங்களுக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைதான் பக்கம். மாற்றுக் கம்பெனி மாத்திரை கொடுத்தால், அட்டையின் பின்னால் மருந்தின் பெயரும் 2.5 என்ற அளவும் அதேதானா என்று பார்த்தால் போதும். ஐந்து வருடம் முடிந்த பிறகு ஏழு, பத்து என்று நீட்டுவது பற்றி இப்போதே கவலைப்படாதீர்கள். நெறிக்கட்டி எத்தனை என்பதை வைத்து அப்போது பேசுவார்கள்.

உளுந்தங்களி. உளுந்தில் ஹார்மோன் இருக்கிறது, வயதுக்கு வந்த பிள்ளைக்குக் கொடுப்பது, புற்று வந்தவளுக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வீட்டில் கிண்டும் களி இந்த மாத்திரையை முறிக்காது. தாராளமாகக் கொடுங்கள். நல்லெண்ணெயும் ஊற்றலாம். சர்க்கரை இருந்தால் கருப்பட்டியை மட்டும் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்.